கேஸ் மாத்திரைக்குள் ஒரு மூளை மருந்து: ரபிப்ரசோல்–லெவோசல்பிரைடு கேப்ஸ்யூல், ஒரு மதிப்புரை

நெஞ்செரிச்சல், ஓயாத ஏப்பம், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கல்லாகக் கனப்பது என்று போய் நின்றால் கைக்கு வரும் கேப்ஸ்யூல்களில் இதுவும் ஒன்று. அமிலத்தைக் குறைக்கும் ரபிப்ரசோல் 20 மி.கி., இரைப்பையை நகர்த்தும் லெவோசல்பிரைடு 75 மி.கி. பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. ரபிப்ரசோலுக்குப் பதில் பான்டோப்ரசோலோ ஈசோமெப்ரசோலோ இருக்கலாம்; கூட்டாளி மட்டும் மாறுவதில்லை. பெயரின் வாலில் பெரும்பாலும் 'எல்' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். 'டி', 'டிஎஸ்ஆர்' என்று முடிந்தால் லெவோசல்பிரைடுக்குப் பதில் உள்ளே இருப்பது டோம்பெரிடோன் என்ற வேறு மருந்து. இந்த ஓர் எழுத்து வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அமிலத்தைக் குறைக்கும் பாதிக்கு ஐந்துக்கு நாலு. லெவோசல்பிரைடு பாதிக்கு, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது என்று உறுதியானவருக்குச் சில வாரம் மட்டும் என்றால் மூன்று; 60 வயதைத் தாண்டியவர் மாதக்கணக்கில் 'கேஸுக்கு' விழுங்குவதென்றால் ஒன்றுகூடத் தர மனம் வரவில்லை.

கேப்ஸ்யூலைத் திறந்து பார்த்தால் குருணை குருணையாக இருக்கும். ரபிப்ரசோல் அமிலத்தில் சிதைந்துவிடும். அதனால் இரைப்பையில் கரையாத பூச்சு போட்டிருப்பார்கள், சிறுகுடலில்தான் கரையும். உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்கினால்தான், சாப்பாடு வந்து அமிலச் சுரப்பு தொடங்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக நிற்கும். டிபன் முடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் ஏராளம். லெவோசல்பிரைடு, மெல்ல மெல்ல வெளியாகும் வடிவில் இருக்கிறது. சாதா மாத்திரையாக எழுதினால் 25 மி.கி. வீதம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். அந்த 75 மி.கி.யையே இங்கே ஒரே தடவையில் அடைத்திருக்கிறார்கள். வசதிதான். ஆனால் அளவைக் குறைக்க வழியில்லை: பாதியாக உடைக்க முடியாது, மென்று தின்னக் கூடாது, ஒரு மருந்தை நிறுத்தி மற்றதைத் தொடரவும் முடியாது. இரண்டும் ஒரே கூட்டில் இருப்பதால், அமிலத்துக்காக மாதக்கணக்கில் ரபிப்ரசோல் எடுப்பவர் தெரியாமலே லெவோசல்பிரைடையும் அத்தனை மாதம் எடுத்துவிடுகிறார். இந்தத் தயாரிப்பின் முதல் குறை இந்த வடிவமைப்புதான்.

லெவோசல்பிரைடு எங்கிருந்து வந்தது? 1960களில் பிரான்ஸில் பென்சமைடு என்ற வேதிக் குடும்பத்திலிருந்து இரண்டு மருந்துகள் பிறந்தன. ஒன்று வாந்தி மருந்தான மெட்டோகுளோப்ரமைடு. இன்னொன்று மனநோய் மருந்தான சல்பிரைடு. சல்பிரைடு மூலக்கூறுக்கு வலக்கை, இடக்கை போல இரண்டு வடிவம் உண்டு. அதில் இடது வடிவத்தைத் தனியே பிரித்ததுதான் லெவோசல்பிரைடு. சுமார் 200, 300 மி.கி. அளவில் அது ஸ்கீசோஃபிரினியாவுக்கு மருந்து. 75 மி.கி.யில் 'கேஸ்' மருந்து. மூலக்கூறு ஒன்றேதான், அது போய்ப் பூட்டும் இடமும் ஒன்றேதான்: நரம்புகளின் தூதுப்பொருளான டோபமைனின் டி2 ஏற்பி.

ஏற்பி என்றால் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், மணி அழுத்தும் பொத்தான் மாதிரி. டோபமைன் என்ற விரல் ஒன்றுதான், பொத்தான்கள் ஐந்து. எந்தப் பொத்தான், எந்த வீட்டில் என்பதைப் பொறுத்து உள்ளே நடப்பது மாறும். 'டோபமைன் மகிழ்ச்சி ஹார்மோன்' என்று ரீல்ஸில் சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வயிற்றில் அதற்கும் மகிழ்ச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

1979-ல் கெபாபியன், கால்ன் என்ற இருவர் டோபமைன் ஏற்பிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வகை செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுவனைக் கூட்டும், இன்னொன்று கூட்டாது. 1988-ல் டி2 மரபணு கையில் சிக்கியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் மற்றவையும் வரிசையாக வந்து எண்ணிக்கை ஐந்தில் நின்றது. ஆனால் பழைய பிரிவினை உடையவில்லை. டி1, டி5 ஒரு கட்சி. அவை சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றும். டி2, டி3, டி4 எதிர்க்கட்சி, அவை இறக்கும்.

டி1 ஏற்பி மூளையில் மிக அதிகமாகக் காணப்படுவது. ஸ்டிரையேட்டம் என்ற ஆழ்பகுதியில் அசைவைத் தொடங்கிவைப்பதிலும், நெற்றிப்புற மேல்மூளையில் ஒரு போன் நம்பரைச் சில நொடி மனதில் பிடித்துவைப்பது போன்ற வேலையிலும் அதற்குப் பங்குண்டு. அங்கே குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். சிறுநீரகத்திலும் டி1 இருக்கிறது, உப்பை வெளியேற்ற. டி5 அதே கட்சிதான், ஆனால் டோபமைனை டி1-ஐவிடச் சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். நினைவுக்கான ஹிப்போகேம்பஸில் காணலாம். டி3 பெரும்பாலும் ஆசை, ஊக்கம் சார்ந்த அக்யூம்பென்ஸ் பகுதியில். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல் இதைத்தான் டி2-ஐவிட அதிகமாகப் பிடிக்கிறது. அந்த வகை மருந்துகளில் சிலருக்குச் சூதாட்டப் பித்து, ஷாப்பிங் பித்து வருவதற்கு டி3 தூண்டப்படுவது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. டி4 ஒரு காலத்தில் பெரிய நட்சத்திரம். குளோசபின் என்ற மனநோய் மருந்து டி4-ஐ நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்ததும் அதுதான் மனநோயின் சாவி என்று நினைத்தார்கள். டி4-ஐ மட்டும் அடைக்கும் மருந்தை 1990களில் நோயாளிகளிடம் சோதித்தார்கள்; பலன் இல்லை. அதோடு அந்த அலை ஓய்ந்தது.

லெவோசல்பிரைடுக்கு இந்த ஐந்தில் டி1, டி5, டி4 மேல் அவ்வளவாகக் கண்ணில்லை. டி2, டி3 இரண்டையும்தான் பிடித்து அடைக்கும். வயிற்றுக் கதைக்கு டி2 போதும். அந்த டி2 உடம்பில் நாலு முக்கிய இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. கேப்ஸ்யூலின் நன்மையும் தீமையும் அந்த நாலு இடங்களுக்குள் அடங்கிவிடும்.

முதல் இடம் இரைப்பைச் சுவரின் நரம்புகள். தசையைச் சுருங்கச் சொல்வது அசிட்டைல்கோலின். டோபமைன் டி2 வழியாக அதன் வெளியீட்டைக் குறைக்கிறது. டி2-ஐ அடைத்தால் தடை நீங்கி அசிட்டைல்கோலின் கூடும், இரைப்பை வலுவாகச் சுருங்கும், சாப்பாடு சீக்கிரம் கீழே இறங்கும். லெவோசல்பிரைடு செரட்டோனின் 4-ஆம் வகை ஏற்பியையும் தூண்டுவதால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு தள்ளு கிடைக்கிறது. சர்க்கரை நோய் முற்றி இரைப்பை சோம்பிப்போனவர்களுக்கும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்பவர்களுக்கும் இது உண்மையிலேயே உதவுகிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இரண்டாவது, மூளைத்தண்டின் அடியில் உள்ள வாந்தி முனை. அங்கே இரத்த–மூளைத் தடுப்புச் சுவர் கிடையாது. இரத்தத்தில் நஞ்சு இருக்கிறதா என்று மோப்பம் பிடிப்பதற்காகத் திறந்தே இருக்கிறது. அதனால் மூளைக்குள் நுழையாத மருந்தும் அங்கே எட்டிவிடும். குமட்டல் நிற்பது இதனால்.

மூன்றாவது பிட்யூட்டரி சுரப்பி. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினை டோபமைன்தான் டி2 வழியாக எந்நேரமும் அடக்கிவைத்திருக்கிறது. அந்தக் கையை எடுத்துவிட்டால் புரோலாக்டின் பல மடங்கு ஏறும். இந்தச் சுரப்பியும் தடுப்புச் சுவருக்கு வெளியே இருப்பது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசியும், மார்பு வலிக்கும். ஆண்களுக்கு ஆசை குறையும், சிலருக்கு மார்பு பருக்கும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்குப் புரோலாக்டின் கூடுதலாக வந்தால் உடனே தலைக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவதற்கு முன்னால், 'வயிற்றுக்கு ஏதாவது கேப்ஸ்யூல் எடுக்கிறீர்களா?' என்று கேட்டாலே பாதி நேரமும் பணமும் மிச்சம். நாளமில்லாச் சுரப்பி வழிகாட்டுதல் சொல்லும் முறை எளிது: சந்தேகப்படும் மருந்தை மூன்று நாள் நிறுத்தி, மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பது.

நாலாவது இடம்தான் பிரச்சினையின் மையம்: ஸ்டிரையேட்டம். அங்கே இரண்டு பாதைகள் ஓடுகின்றன. நேர்ப்பாதை அசைவை அவிழ்த்துவிடும். அதன் நரம்பணுக்களில் டி1. சுற்றுப்பாதை அசைவைப் பிடித்து நிறுத்தும், அதில் டி2. டோபமைன் வரும்போது டி1 வழியாக நேர்ப்பாதையைத் தூண்டும், டி2 வழியாகச் சுற்றுப்பாதையை அடக்கும். ஒரே விரல் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிரேக்கையும் விடுவிப்பதுபோல. டி2-ஐ மருந்து அடைத்துவிட்டால் பிரேக் விடுபடுவதே இல்லை. கால் தேய்த்து நடப்பது, சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம், படுக்கையில் புரள முடியாமை, கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துப்போவது, முகத்தில் உணர்ச்சியே இல்லாமை, தாடையும் கீழுதடும் நடுங்குவது எல்லாம் அதன் விளைவு.

இது எவ்வளவு அடைப்பில் நடக்கிறது என்பதற்கு மனநோய் மருந்துகளில் நடந்த பி.இ.டி. ஸ்கேன் ஆய்வுகள் விடை தந்திருக்கின்றன. ஸ்டிரையேட்ட டி2-வில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் மனநோய்க்குப் பலன். 80 சதவீதத்தை நெருங்கினால் விறைப்பும் நடுக்கமும். இளைஞருக்கு 75 மி.கி. லெவோசல்பிரைடு அந்த எல்லைக்கு எட்டாமல் இருக்கலாம். வயதானவருக்குக் கணக்கே வேறு. வயது ஏற ஏற டோபமைன் செய்யும் நரம்பணுக்களும் குறைகின்றன, டி2 ஏற்பிகளும் குறைகின்றன. ஏற்கெனவே கையிருப்பு குறைவு. அதோடு இந்த மருந்து பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருந்தாலே அதே 75 மி.கி. உடம்பில் தேங்கி நிற்கும். 70 வயது, சர்க்கரை, சிறுநீரகம் லேசாக மங்கல், வயிற்று உப்புசம்: இந்தக் கேப்ஸ்யூல் அதிகம் போய்ச் சேரும் ஆளும் அவர்தான், அதனால் அதிகம் அடிபடும் ஆளும் அவர்தான்.

இதைவிட மோசம் அடுத்து நடப்பது. நடை தளர்ந்ததும் பார்க்கின்சன் என்று முடிவாகி லெவோடோபா தொடங்கப்படும். கேப்ஸ்யூல் நிற்காது. லெவோடோபா டோபமைனைக் கூட்டும். ஆனால் பொத்தான் மேல் ஏற்கெனவே வேறொருவன் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறான். பலன் சொற்பம். லெவோடோபாவால் குமட்டல் வரும். அதற்கு மறுபடியும் ஒரு வாந்தி மருந்து. நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில் சேர்த்தால், அது அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் இரைப்பை இன்னும் மந்தமாகும். கேப்ஸ்யூல் எதற்காக எழுதப்பட்டதோ அந்த வேலையே கெட்டுப்போகிறது. கூடவே வயதானவருக்கு மறதி, குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு. இந்தச் சங்கிலி புதிதல்ல. மெட்டோகுளோப்ரமைடு எடுத்த முதியவர்களுக்கு லெவோடோபா தொடங்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று 1995-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்துதான் மாறியிருக்கிறது.

மருந்தால் வந்த பார்க்கின்சனா, அசல் நோயா என்பதற்குச் சில அடையாளங்கள். மருந்தால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், சில வாரங்களில் அல்லது மாதங்களில் வேகமாக வளரும். அசல் நோய் ஒரு கையில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நகரும். உதடு, தாடை நடுக்கம் தூக்கலாக இருந்தால் மருந்தின் மேல் சந்தேகம் கூட வேண்டும். ஆனால் இவை முழுக்க நம்பத்தக்கவை அல்ல. சந்தேகம் தீராவிட்டால் டோபமைன் நரம்பணுக்களில் இருக்கும் கடத்திப் புரதத்தைப் படம் எடுக்கும் ஸ்கேன் இருக்கிறது. மருந்து ஏற்பியை மட்டும் அடைக்கிறது, நரம்பணுவைக் கொல்வதில்லை. அதனால் மருந்துப் பார்க்கின்சனில் ஸ்கேன் இயல்பாக இருக்கும். அசல் நோயில் குறைந்திருக்கும். நிறுத்தியபின் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தொடங்கி ஆறு மாதத்துக்குள் சரியாகும். சரியாகாதவர்களில் பலருக்கு உள்ளே ஊறிக்கொண்டிருந்த நோயை இந்தக் கேப்ஸ்யூல் முன்கூட்டியே வெளியே இழுத்துவிட்டது என்று அர்த்தம். நாக்கைச் சுழற்றுவது, வாயை மெல்லுவது போன்ற தன்னிச்சையான அசைவுகள் நாள்பட்ட உபயோகத்தில் வந்தால் அவை மருந்தை நிறுத்திய பிறகும் போகாமல் தங்கிவிடலாம். அதுதான் இதில் பயப்பட வேண்டியது.

மாற்று என்ன? வெறும் நெஞ்செரிச்சலுக்கு எதுவும் கூட்டத் தேவையில்லை. ரபிப்ரசோல் 20 மி.கி. தனியாக, சரியான நேரத்தில், 4 முதல் 8 வாரம். பலருக்கு அதுவே போதும். இரைப்பையை நகர்த்த ஏதாவது வேண்டும் என்றால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

டோம்பெரிடோனும் டி2-ஐத்தான் அடைக்கிறது. ஆனால் மூளையின் தடுப்புச் சுவரில் உள்ள வெளியேற்று பம்ப் அதைத் திருப்பி அனுப்பிவிடுவதால் ஸ்டிரையேட்டத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. லெவோடோபாவால் குமட்டும் பார்க்கின்சன் நோயாளிக்கும் தரக்கூடியது இது. அதன் வம்பு இதயத்தில்: இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளியை நீட்டும், அதாவது துடிப்பு தாளம் தப்பும் அபாயம். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் 10 மி.கி. வீதம் நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரையறுத்தது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் ஆகியவற்றோடு சேர்க்கக் கூடாது. புரோலாக்டினை இதுவும் ஏற்றும். பிட்யூட்டரி சுவருக்கு வெளியே இருக்கிறதே.

மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள் தாராளமாகப் போகும். இளம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓரிரு வேளையிலேயே கழுத்து திருகி, கண் மேலே செருகிக்கொள்ளும். வலிப்பு என்றும் பேய் என்றும் பயந்து ஓடிவருவார்கள். புரோமெத்தசின் ஊசியில் அடங்கும். 2013-ல் ஐரோப்பாவில் இதன் எல்லையை 5 நாள், நாளைக்கு 30 மி.கி. என்று சுருக்கினார்கள். நரம்பில் போடும்போது குறைந்தது மூன்று நிமிடமாவது எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரமாக ஏற்றினால் ஆள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிப்பார்.

இட்டோபிரைடு 50 மி.கி. மூன்று வேளை என்பது இன்னொரு வழி. டி2-ஐ அடைத்து, அசிட்டைல்கோலின் சிதைவதையும் தடுக்கிறது. மூளைக்குள் போவது குறைவு. வயிற்றுப்போக்கும் வயிற்று முறுக்கலும் சிலருக்கு. டோபமைனையே தொடாமல் போக வேண்டுமென்றால் செரட்டோனின் வழியில் மோசபிரைடு, அசிட்டைல்கோலின் வழியில் அக்கோடியமைடு 100 மி.கி. மூன்று வேளை உணவுக்கு முன். ஏற்கெனவே கை நடுக்கம் உள்ள ஒருவருக்கு எங்கள் தேர்வு இந்தக் கடைசி வரிசையில்தான் தொடங்கும்.

வலிப்பு நோய், மார்பகப் புற்றுநோய், குடல் அடைப்பு, ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரீனல் கட்டி, கர்ப்பம் இருந்தால் லெவோசல்பிரைடு வேண்டாம். விழுங்க முடியாமை, காரணமின்றி எடை குறைதல், கறுப்பாக மலம் போவது, இரத்தசோகை இருந்தால் எந்தக் கேப்ஸ்யூலும் வேண்டாம், எண்டாஸ்கோபி முதலில்.

இது மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' வகை. ஆனாலும் பழைய அட்டையைக் காட்டினால் புதிய அட்டை வந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்கு எழுதியது மூன்று வருடம் ஓடுவது இப்படித்தான். வீட்டில் யாராவது மாதக்கணக்கில் எடுக்கிறார்கள் என்றால் எழுதிய மருத்துவரிடமே போய், ரபிப்ரசோல் மட்டும் உள்ள மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் ரபிப்ரசோல் நின்றதால் அமிலம் இரண்டு மூன்று வாரம் துள்ளி எழும். 'கேப்ஸ்யூல் இல்லாமல் முடியாது' என்று மறுபடி அதே அட்டைக்குத் திரும்பிவிடுவார்கள். மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் நாலு வரி எழுதவைத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அதே நாலு வரி. கையெழுத்தின் அளவு திரும்புகிறதா என்று அதில் தெரியும்.

நரம்பியல் மருத்துவர் 'என்னென்ன மாத்திரை எடுக்கிறீங்க?' என்று கேட்டால், 'சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ரெண்டு' என்றுதான் பதில் வரும். கேஸுக்கு எடுப்பதை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அட்டையையே எடுத்துப் போங்கள், பின்பக்கம் மருந்தின் பெயர் கிழியாமல்.